இது இல்லாமலும் ஓடும்

எஞ்சினுக்குக் கீழே பூட்டியிருக்குமே, கறுப்புப் பிளாஸ்டிக் தகடு, அண்டர் கவர். ஒயில் மாற்றக் கொடுத்தபோது கராஜ் பாஸ் அதைக் கழற்றி டிக்கியில் போட்டுத் தந்தார். "கிளிப் எல்லாம் உடைஞ்சிட்டு சேர். இது இல்லாமலும் ஓடும்." ஓடியதுதான். நாங்களும் மறந்துவிட்டோம்.

மாரி தொடங்கியது. ஒரு காலை உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறோம். களுவாஞ்சிக்குடி தாண்டி ரோட்டில் தண்ணீர். கணுக்கால் அளவுதான், மெதுவாகத்தான் போனோம். திடீரென்று கீச்சென்று ஒரு சத்தம். பெட்டரி லைட் எரிந்தது, ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பின்னால் இருந்த உம்மா யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டார். ஓரமாக்கி நிறுத்தினோம்.

நனைந்த பெல்ட் வழுக்கியிருக்கிறது. எங்கள் பழைய வாகனத்தில் ஒல்டர்னேட்டரையும் பவர் ஸ்டியரிங் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட். டயர் வாரியடிக்கும் தண்ணீர், சேறு, சிறு கற்கள் அதில் படாமல் தடுப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. எஞ்சினுக்கு அடியில் காற்று ஒழுங்காகப் போகவும் அது உதவும். ஆனால் பெரிய கல்லில் இடித்தால் ஒயில் சம்பைக் காப்பாற்றாது. அதற்கு இரும்புத் தகடு வேண்டும்.

பெல்ட் காய்ந்ததும் எல்லாம் சரியாகியது, அல்ஹம்துலில்லாஹ். அன்று பின்னேரமே புதுக் கிளிப் வாங்கிப் பூட்டினோம்.

பாஸை மட்டும் குறை சொல்ல மனமில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் "ஏன் என்று கேளுங்கள்" என்று தினமும் சொல்பவர்கள் நாங்கள். அன்று கராஜில் அந்த ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

சர்வீஸ் முடிந்து வாகனத்தை எடுக்கும்போது ஒரு தடவை குனிந்து பாருங்கள்.