ஒரு புத்தகம், இரண்டு தெரு

ஹவானாவில் நான் தங்கியிருந்த வீட்டின் அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2024 கடைசி. மத்தான்சாஸ் அனல்மின் நிலையம் பழுதாகி நாடு முழுக்க இருண்டுபோன அக்டோபருக்குப் பிறகு, மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் நிச்சயமாகச் சொல்வதில்லை. வந்த நேரத்தில் சமைத்துவிட வேண்டும்.

ரேஷன் கடைக்கு அவரோடு போனேன். ஒரு தராசு, சரக்கு விவரம் எழுதிய கரும்பலகை, பெரும்பாலும் காலி அலமாரிகள். 1962இல் தொடங்கிய ‘லிப்ரேத்தா’ என்ற ரேஷன் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அரிசி, சர்க்கரை, எண்ணெய், காபி என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம், பாதிக்குமேல் வெறுமை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரொட்டி. மாவுத் தட்டுப்பாட்டால் அதையும் செப்டம்பரில் 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைத்துவிட்டார்கள்.

அப்போது குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,528 பெசோ. முப்பது முட்டை வாங்க வெளிச்சந்தையில் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. ஃப்ளோரிடாவில் இருக்கும் மகன் அனுப்பும் டாலரில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு அப்படி யாரும் இல்லை. எல்லார் கையிலும் ஒரே புத்தகம் என்பதுதான் கியூபப் புரட்சி தந்த வாக்கு. இன்று வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடு, இல்லாத வீடு என்று தெருவே இரண்டாகிக் கிடக்கிறது. தட்டுப்பாட்டைவிட இதுதான் என்னை உலுக்கியது.

தட்டுப்பாட்டுக்குக் காரணம் கேட்டால் முதலில் அமெரிக்க வணிகத் தடையைச் சொல்வார்கள். 1962இல் கென்னடி போட்ட அந்தத் தடை இன்னும் குடிமக்களின் கழுத்தை நெரிக்கிறது. அதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. ஆனால் பேச்சை அங்கேயே முடித்துவிடக் கூடாது. சோவியத் யூனியன் கியூபாவின் சர்க்கரையை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு எண்ணெய் கொடுத்தது. 1991இல் அது மறைந்தது. சில ஆண்டுகளில் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. சத்துக் குறைவால் ஐம்பதாயிரம் பேருக்குமேல் நரம்பும் பார்வையும் பாதிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் சொந்தக் காலில் நிற்கப் பழகாமல் வெனிசுவேலாவின் எண்ணெயில் சாய்ந்தார்கள். 2021இல் இரட்டை நாணயத்தை ஒழித்து டாலருக்கு 24 பெசோ என்று நிர்ணயித்தபோது, கொரோனாவால் சுற்றுலா படுத்திருந்தது, கடைகளில் சரக்கில்லை. நான் போனபோது தெருவில் டாலர் 300 பெசோவைத் தாண்டியிருந்தது.

ஒருநாள் ஹெர்ஷி என்ற ஊருக்குப் போனேன். அமெரிக்கச் சாக்லேட் முதலாளி சர்க்கரை ஆலையோடு கட்டிய ஊர். புரட்சிக்குப் பின் கமிலோ சியென்ஃபுவேகோஸ் என்று பெயர் மாறியது. 2002இல் நாட்டின் 156 ஆலைகளில் பாதியளவை மூடியபோது இதையும் மூடினார்கள். கூரையில்லாத இரும்புச் சட்டங்களுக்கிடையே புதர் மண்டியிருக்கிறது. 1989இல் எண்பது லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாடு, 2023இல் நான்கு லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை.

ஆலையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் அங்கே பேச்சுக் கொடுத்தார். “மூடின பிறகும் சம்பளம் கொடுத்துப் படிக்க அனுப்பினாங்க. அதை மறைக்க மாட்டேன். படிச்சேன், சான்றிதழும் வாங்கினேன். வேலைதான் இல்லை. இப்போ ரேஷன் சர்க்கரையே கப்பல்ல வருது. போன மாசம் அதுவும் வரல.”