சூளைக்குள்ள காத்து போகணும்

எங்க ஊரு விருத்தாசலம். பீங்கான் ஊரு. அப்பா முப்பது வருஷம் சூளையில வேலை பார்த்தவர். பொம்மை உடைஞ்சா, துண்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "மேல வெந்திருக்கு, உள்ள கருப்பு. காத்து போகலடா" என்பார். மண்ணில் இருக்கிற கரி எரிய ஆக்சிஜன் வேணும். தடியான மண்ணை அவசரமா சுட்டா நடுவுக்கு அது போய்ச் சேராது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

போன வருஷம் அவர் கால்ல சர்க்கரைப் புண். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. "ரத்த ஓட்டம் இல்லை"ன்னார் டாக்டர். அப்பா என்னைப் பார்த்து, "நம்ம சூளைக் கதைதான்" என்றார். எனக்குப் பேச்சே வரலை.

அன்னைக்கு ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒண்ணு, ரெண்டு பங்கு தூரம்தான் ஆக்சிஜன் ஊறிப் போகுமாம். அதைத் தாண்டின செல் மூச்சு முட்டிச் சாகும். ஆய்வுக்கூடத்தில் தடியா திசு வளர்க்கிறவங்களுக்கும் இதே தலைவலி. புதுசா ரத்தக் குழாய் முளைக்கிற வரைக்கும் யார் சோறு போடுறது?

அதுக்குத்தான் கொலாஜென், ஜெலட்டின், பட்டு மாதிரி புரதத்தில் பஞ்சு போல ஒரு சாரம் கட்டி, உள்ளே கால்சியம் பெராக்சைடு தூளை வைக்கிறாங்க. ஈரம் பட்டதும் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். (புண் கழுவும்போது நுரைக்குமே, அதேதான். நுரையில் இருக்கிறது ஆக்சிஜன்.) ஆனா அளவு மிஞ்சினா செல்லையே கொன்னுடும். சூளை மாதிரி நிதானமா விடணும்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் அசோக் குமார் குழு 2018ல் செஞ்சது புரதம் இல்லை, பாலியூரித்தேன் பஞ்சு. தூள் அதே கால்சியம் பெராக்சைடுதான். பெராக்சைடு பண்ற கெடுதலை அந்தப் பஞ்சே தணிக்கும். பத்து நாள் வரை ஆக்சிஜன் விட்டுச்சாம். 2020ல் அதை மேம்படுத்தி, சர்க்கரை வியாதி உள்ள எலிகளின் புண்ணில் வச்சு, நல்லா ஆறுச்சுன்னு எழுதியிருக்காங்க.

காலையில் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"எலிக்கு வந்துடுச்சு... நமக்கு எப்படா வரும்?"

பதில் சொல்லத் தெரியலை. மருந்து மாத்திக் கட்ட பஞ்சு எடுத்துட்டு வந்தேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வீட்டில் சர்க்கரைக்காரங்க இருந்தா இன்னைக்கே அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. நாங்க லேட்டா பார்த்தோம்.