சூப்பர், சுமார், அப்புறம்?

போட்டோவைக் காட்டி "எப்படி இருக்கு?"ன்னு யாராவது கேட்டா நம்மாளுங்ககிட்ட ரெண்டே பதில்தான். ஒண்ணு "சூப்பர்", இன்னொண்ணு "சுமார்". ரெண்டாலயும் கேட்டவனுக்கு நயாபைசா பிரயோசனம் இல்லைங்கறது என் தாழ்மையான கருத்து :-)

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற தம்பி ஒருத்தன், முதல் சம்பளத்துல கேமரா வாங்கி, ஊர்ல அவன் ஆச்சி அடுப்படியில தோசை ஊத்தறதை எடுத்துட்டு வந்தான். ரொம்ப வருஷமா படம் எடுக்கற சீனியர் ஒருத்தர் பார்த்த உடனே, "பூரா பிளர், டெலீட் பண்ணிடு"ன்னுட்டார். நல்லவேளை, அழிக்கலை. ஆனா கேமரா ஒரு வருஷம் பீரோவுல தூங்குச்சு. அந்த வருஷத்துலதான் ஆச்சி போய்ச் சேர்ந்தாங்க. அவங்க அடுப்படியில நிக்கற படம் அவன்கிட்ட அது ஒண்ணுதான்.

படம் பிளர்தான், பொய் இல்லை. ஆனா என்ன பிளர்னு சொல்லணுமா இல்லையா?

சுவர், பாத்திரம், ஆச்சி எல்லாமே ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா, எடுத்தவன் கை ஆடியிருக்கு.
சுவர் தெளிவா இருந்து ஆச்சி கை மட்டும் கலங்கியிருந்தா, அசைஞ்சது ஆச்சி.
பின்னாடி இருக்கற டப்பா பளிச்சுன்னு இருந்து ஆச்சி மங்கலா இருந்தா, ஃபோகஸ் தப்பான இடத்துல விழுந்திருக்கு.

மூணுக்கும் பேரு பிளர். மருந்து வேற வேற.

தம்பியோடது முதல் வகை. ஷட்டர் வேகம் 1/10 நொடி, ஐஎஸ்ஓ 200. ஸ்டெபிலைசர் இல்லாத 50 எம்எம் லென்ஸைக் கையில பிடிச்சு எடுக்க, 1.5 மடங்கு கிராப் சென்சார்ல 1/80 பக்கம் வேணும்ங்கறது பழைய கணக்கு. ஐஎஸ்ஓவை 1600 ஆக்கியிருந்தா அதே வெளிச்சத்துல 1/80 கிடைச்சிருக்கும். கொஞ்சம் நாய்ஸ் வரும், வரட்டுமே! இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? ஜன்னல் வெளிச்சம் ஆச்சி கன்னத்துல விழுந்த அழகையும் அந்த சீனியர் கவனிக்கவே இல்லை.

நான் கடைப்பிடிக்கறது இவ்ளோதான். முதல்ல, "எதைக் காட்டணும்னு எடுத்தே?"ன்னு கேட்பேன். அவன் தோசைக்கல்லு ஆவியை எடுக்க நினைச்சிருந்தா, மூணுல ஒரு பங்கு விதியைப் பாடம் எடுத்து என்ன ஆகப்போகுது? அப்புறம் நல்லா இருக்கற இடத்தை விரல் வச்சுக் காட்டுவேன். கடைசியா குறை. அதுவும் ஒண்ணே ஒண்ணு, அடுத்த தடவை அவனால சரி பண்ண முடிஞ்சது. "லைட்டிங் மோசம்"னு சொல்றதுக்குப் பதிலா, "உச்சி வெயில்ல கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்திருக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அதே இடத்துக்குப் போய்ப் பாரு"ன்னு சொன்னா அவனுக்கு ஒரு வேலை கிடைக்குது. குறை படத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. "உனக்குக் கண்ணே இல்லைப்பா"ன்னு சொன்னா அவன் எதைத் திருத்துவான்?

அதுக்காகப் பொய்யா பாராட்டச் சொல்லலை. தொடுவானம் சரிஞ்சிருந்தா சரிஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். கேட்டவன் அந்த ஞாயித்துக்கிழமையே கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பற மாதிரி சொல்லணும், அவ்ளோதான்.

என்ன சொல்றீங்க மக்களே?