பக்கத்துக் கதிரையில் இருந்தவர்

தமிழ்ப் படம் ஓடும் வீட்டில் வளர்ந்திருந்தால் உங்களுக்கு மணிவண்ணனைத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், முகம் தெரியும். "படையப்பா"வில் சிவாஜியிடம் சொத்தைப் பிரித்துக் கேட்கும் தம்பி. "முதல்வன்" படத்தில் அர்ஜுனுக்குப் பக்கத்தில் கோப்போடு நிற்கும் செயலாளர். "உள்ளத்தை அள்ளித்தா"வில் ரம்பாவின் அப்பா. அதே படத்தில் அந்த அப்பாவைக் கடத்தும் இரட்டைச் சகோதரனும் அவரேதான். "சங்கமம்" படத்தில் நாட்டுப்புறக் கலைக்குழுவை நடத்தும் பெரியவர்.

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "அந்த அங்கிள்". தம்பியும் நானும் வைத்த பெயர். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் சனிக்கிழமை இரவு படம் போட்டால், அந்த அங்கிள் வந்ததும் அப்பா ரிமோட்டைத் தேடுவார், சத்தத்தைக் கூட்ட. பிறகு சிரிப்பார். நாங்கள் அப்பாவைப் பார்ப்போம், சப்டைட்டிலைப் பார்ப்போம், திரும்ப அப்பாவைப் பார்ப்போம். கீழே எழுதியிருப்பதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் இந்தப் பதிவு. அதற்கு முதலில் அவர் யார் என்று சொல்ல வேண்டும்.

மணிவண்ணன் 400 படங்களுக்கு மேல் நடித்தவர். இந்த எண்ணிக்கை பலருக்குத் தெரியும். 50 படங்களை இயக்கியவர் என்பது எங்கள் வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. நானும் அவரை நகைச்சுவை நடிகர் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூர் அவருடைய ஊர். கோவை அரசு கலைக் கல்லூரியில் படித்தபோது கிடைத்த நண்பர் சத்யராஜ். 1978இல் பாரதிராஜாவின் "கிழக்கே போகும் ரயில்" வந்தது. அதைப் பார்த்துவிட்டு மணிவண்ணன் பாரதிராஜாவுக்கு மிக நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதன் வழியாகவே பாரதிராஜாவின் குழுவுக்குள் போனார் என்று சொல்வார்கள். இன்றைக்கு நாங்கள் ஒரு படம் பிடித்தால் மூன்று இமோஜி அனுப்புகிறோம். அவர் கடிதம் எழுதி வேலைக்கே போய்ச் சேர்ந்தார்.

முதலில் எழுத்து. 1980இல் பாரதிராஜாவின் "நிழல்கள்" படத்துக்குக் கதை வசனம். அது ஓடவில்லை. அடுத்த வருடம் "அலைகள் ஓய்வதில்லை" படத்தின் கதை அவருடையது. அது பெரிய வெற்றி. 1982இல் "கோபுரங்கள் சாய்வதில்லை" மூலம் இயக்குநர் ஆனார். அந்தக் கதை ஹிந்திக்கும் போனது. 1984இல் "நூறாவது நாள்", "24 மணி நேரம்" என்று இரண்டு திகில் படங்கள். "நூறாவது நாள்" 1977இல் வந்த ஒரு இத்தாலியப் படத்தின் பாதிப்பில் எடுத்தது. அதில் மொட்டைத் தலையோடு வந்து பயமுறுத்தியவர் அதே கல்லூரி நண்பர் சத்யராஜ்.

குடும்பக் கதை, கொலைக் கதை, கிராமக் காதல், அரசியல் நையாண்டி. இவருக்கென்று ஒரே பாணி இருந்ததாகச் சொல்ல முடியாது. வேலை வேகமாக நடக்கும், அடுத்த படம் வரும். இடையில் 1988இல் பாரதிராஜாவின் "கொடி பறக்குது" படத்தில் ரஜினிக்கு வில்லனாக நடித்தார். 90களில் நடிப்பு அவருடைய முழுநேர வேலை மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் உதவியாளர்களாக இருந்த விக்ரமன், ஆர்.கே. செல்வமணி, சுந்தர் சி., சீமான் எல்லாரும் இயக்குநர் ஆனார்கள். "உள்ளத்தை அள்ளித்தா"வின் இயக்குநர் சுந்தர் சி.தான். தன்னிடம் வேலை பழகிய பொடியனின் படத்தில், அவன் சொல்கிறபடி நின்று நடித்துக் கொடுப்பது எல்லாருக்கும் வராது. மணிவண்ணனுக்கு வந்தது.

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம்.

1994இல் அவர் இயக்கிய "அமைதிப்படை" என்று ஒரு படம் இருக்கிறது. அமாவாசை என்று ஒருவன், கோயிலில் உடைக்கிற தேங்காயைப் பொறுக்கித் தின்று வாழ்கிறவன். மணிமாறன் என்ற உள்ளூர் அரசியல்வாதி தன் வசதிக்காக அவனைத் தேர்தலில் நிறுத்துகிறார். அமாவாசை, சத்யராஜ். மணிமாறன், மணிவண்ணன். பிறகு அமாவாசை சட்டமன்ற உறுப்பினர் ஆகி, நாகராஜ சோழன் எம்.ஏ. என்று பெயரையே மாற்றிக்கொள்கிறான். தேய்ந்துபோன நிலாவின் பெயரில் இருந்து அரச பரம்பரைக்கு ஒரே தாவல். பின்னால் ஒரு பட்டம் வேறு.

இந்தப் படத்தில் வாக்கு எண்ணும் காட்சி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் இன்றைக்கும் அதைப் பகிர்கிறார்கள். ஆரம்பத்தில் அமாவாசை மணிமாறனுக்குப் பக்கத்தில் கூனிக் குறுகி இருக்கிறான். எண்ணிக்கை ஏற ஏற முதுகு நிமிர்கிறது. கதிரையில் சாய்கிறான். கை கால் எல்லாம் இடம் பிடிக்கின்றன. கூடவே பேச்சும் மாறுகிறது. பணிவு போய், அண்ணன் என்ற மரியாதை போய், கடைசியில் வேலைக்காரனிடம் பேசுவதுபோல் மணிமாறனிடம் பேசுகிறான். வெளியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் கதிரையில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் யார் யாருக்கு முதலாளி என்பது எங்கள் கண்ணுக்கு முன்னால் தலைகீழாகிவிடுகிறது.

இதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். "நீங்கள்" என்பதும் "யூ". "நீ" என்பதும் "யூ". "வாங்க", "வா", "வாடா" மூன்றும் "கம்". காட்சியின் பாதி அங்கேயே காணாமல் போய்விடுகிறது. சப்டைட்டில் எழுதியவர்மேல் பிழை இல்லை, அந்த மொழியில் அதற்கு இடம் இல்லை. மணிவண்ணனின் நகைச்சுவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்த நொடியில் மரியாதை கூடுகிறது, எந்த நொடியில் குறைகிறது. அப்பா சிரித்தது அதற்குத்தான்.

ஆனால் மொன்றியலில் வளர்ந்த எங்களிடம் இன்னொரு சாவி இருக்கிறது. 1977இல் வந்த 101ஆம் இலக்கச் சட்டத்தால் எங்களில் பெரும்பாலானவர்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். அதைப் பற்றிப் புலம்பாத ஆள் இல்லை. ஆனால் பிரெஞ்சில் "தூ" இருக்கிறது, "வூ" இருக்கிறது. ஆசிரியரிடம் "வூ", நண்பனிடம் "தூ". பக்கத்து வீட்டுக் கிழவி ஒருநாள் தானாகவே "தூ" என்று சொல்லு என்றால் அது அன்பு. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மாதிரியான குரலில் "தூ" என்றால் அது வேறு. கியூபெக்கில் "தூ" தாராளம் என்றாலும் குரலில் வித்தியாசம் தெரியும். இந்தக் காது எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டது. அமாவாசை "வூ"வில் ஆரம்பித்து "தூ"வில் முடிக்கிறான் என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். இந்த முறை அப்பா சிரித்த இடத்தில் அவனும் சிரித்தான்.

எனக்கு இந்தக் காட்சி வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியம். எல்லாரும் சத்யராஜைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒருமுறை மணிவண்ணனை மட்டும் பாருங்கள். படத்தின் இயக்குநர் அவர். நிமிர்கிற ஆளைத் தானே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நண்பனுக்கு அந்தக் கதிரையைக் கொடுத்துவிட்டு, இடத்தை இழக்கிற ஆளாகப் பக்கத்தில் இருந்துகொண்டார். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொள்வதைப் பார்க்காவிட்டால் சத்யராஜ் நிமிர்வதில் சுவை இல்லை.

அந்தப் பக்கத்துக் கதிரை எங்களுக்குப் பழக்கமான இடம். எட்டு வயதில், பத்து வயதில் நாங்கள் அதில்தான் இருந்தோம். அம்மா நடுவில், அதிகாரி எதிரில், பக்கத்தில் மொழிபெயர்க்க நாங்கள். டாக்டரிடம், வாடகை வீட்டுக்காரரிடம், பள்ளிக்கூடக் கூட்டத்தில். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஓர் அலுவலகத்தில் ஒருவர் அம்மாவிடம் சினத்தோடு "தூ" போட்டுக் கதைத்தார். நான் தமிழில் சொல்லும்போது அதை "நீங்கள்" என்று மாற்றிச் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு, "அவருக்கு நன்றி சொல்லு" என்றா. அதைப் பிரெஞ்சில் "வூ" போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு இன்றுவரை அந்தக் கதை தெரியாது.

பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். மணிவண்ணன் நடித்த பாத்திரங்கள் பல அப்படிப்பட்டவை. அமைச்சர் பக்கத்தில், முதலாளி பக்கத்தில், கதாநாயகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். அதிகாரம் எப்படிப் பேசும் என்று கதாநாயகனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் இதை முழுக்கப் புகழ்ச்சியாக எழுதிவிட முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் பார்த்துக்கொண்டே மட்டும் இருந்தால் என்ன அர்த்தம்? மணிமாறனுக்கு அமாவாசை யார் என்று தெரியும். தெரிந்தும் கூடவே இருக்கிறார், குத்தலாகப் பேசிக்கொண்டு. அந்தக் குத்தலில் நாங்கள் சிரிக்கிறோம், அமாவாசை செய்வது நடந்துகொண்டே இருக்கிறது. அல்வாவைக் கொடுத்து ஒரு பெண்ணை ஏமாற்றிச் சீரழிக்கிறான். தமிழ்நாட்டில் அந்த அல்வா இன்றைக்கு ஒரு பகிடி, மீம்களில் கூட வருகிறது. என் சினேகிதி ஒருத்தி அந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள். அவள் போனது சரி என்று நினைக்கிறேன். அந்தக் கெட்டவனை வெறுக்க வேண்டும் என்றுதான் படம் எடுக்கப்பட்டது, ஆனால் ரசித்தவர்கள் அவனையே ரசித்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு பாருங்கள். நண்பர்களோடு பார்த்தால் நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

கடைசிக் காலத்தில் மணிவண்ணன் அரசியல் மேடைகளில் நின்றார். ஈழத் தமிழருக்காகத் தொடர்ந்து பேசினார், நாம் தமிழர் கட்சியில் இருந்தார். 2013 மே மாதத்தில் அவருடைய 50ஆவது படம் வந்தது. "நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ." அதே அமாவாசை, அதே சத்யராஜ், பக்கத்தில் அதே மணிவண்ணன். முதல் படம் அளவுக்கு அது எடுபடவில்லை. அடுத்த மாதம், ஜூன் 15ஆம் திகதி, சென்னையில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய விருப்பப்படி உடலுக்குப் புலிக்கொடி போர்த்தினார்கள்.

அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. கனடா 2006இல் தடை செய்த இயக்கத்தின் கொடி அது. அதைப் பார்த்துக் கண் கலங்குகிற வீடுகளும் எங்களுக்குள் உண்டு. அதைப் பற்றிக் கோபத்தோடு கேள்வி கேட்கிற வீடுகளும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதும் உண்டு. எங்களைச் சிரிக்க வைத்த ஒருவர் தன் கடைசி விருப்பமாக எங்கள் பெற்றோரின் துக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் பிறந்தது சூலூரில், யாழ்ப்பாணத்தில் இல்லை. இதைப் பற்றி என்ன நினைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே நீங்கள் இதுவரை கேட்காத கதை ஒன்று வரக்கூடும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வரிசை தருகிறேன். முதலில் சிரிக்க "உள்ளத்தை அள்ளித்தா". அடுத்து "நூறாவது நாள்", இயக்குநர் மணிவண்ணனைப் பார்க்க. அது இரவில் தனியாக வேண்டாம். பிறகு "சங்கமம்", அவர் சிரிக்க வைக்காமலும் எவ்வளவு தூரம் போவார் என்று தெரியும். கடைசியில் "அமைதிப்படை". அதை மட்டும் பெரியவர் ஒருவரோடு பாருங்கள். வாக்கு எண்ணும் காட்சியில் சப்டைட்டிலை நிறுத்திவிடுங்கள். அவர் சிரிக்கும்போது படத்தையும் நிறுத்தி, "இப்ப ஏன் சிரிச்சனீங்கள்?" என்று கேளுங்கள். விளங்கப்படுத்தக் கொஞ்சம் கஷ்டப்படுவார். அப்போது "தூ", "வூ" என்று சொல்லி நீங்கள் உதவலாம்.