நாலு இருபதும் ஒரு பத்தும்

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மாசாமாசம் அலவன்ஸ் என்று ஆபீஸில் சர்க்குலர் வந்ததும், முதல் ஆளாகக் கிளாஸில் சேர்ந்தவன் அடியேன். மூன்றாவது வாரம் முதல் ஆளாக நின்றவனும் அடியேனே! காரணம், 90. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'நாலு இருபது, ஒரு பத்து'. பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவனுக்கு சாயங்காலமும் கணக்கா?

துக்கம் ஆற, ஒரு சனிக்கிழமை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். அங்கேயும் விடவில்லை. தெருப் பலகையில் பிரெஞ்சு. போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக் காலத்து சிவப்புத் தொப்பி. 1954-ல் ஆட்சி கைமாறி, 1962-ல் அது சட்டப்படி முடிவானபோது, 'பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் ஊரில் உண்டு.

கடற்கரை ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி நோட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக் கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி, ஸ்தோத்திரமா?"

"இல்ல தம்பி, வெர்பு!"

அசந்து போனேன்.

"பாஸ்போர்ட்டு பிரெஞ்சு, வாயி தமிழு. பாரீஸ்ல பேத்திக்கு ஏழு வயசு, தமிழ் வராது. அவ பேசறத என் மகன்தான் தமிழ்ல சொல்லுவான். நடுவுல எத வெட்டுறானோ!"

"90 வந்தா தலை சுத்தலையா பாட்டி?"

"நம்ம தொண்ணூறு மட்டும் என்ன வாழுதாம்? எண்பதுல பத்து இருக்கு. தொண்ணூறுல நூறு எங்கேர்ந்து வந்துச்சு?"

வாயை மூடிக்கொண்டேன்.

மான்ட்ரியலில் பிரெஞ்சு படித்த மாணவர்களைப் பற்றி கார்ட்னர், லாம்பர்ட் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் 1959-ல் எழுதினார்கள். வேலைக்காகப் படித்தவர்களைவிட, அந்த மொழி பேசும் மனிதர்களோடு பழக ஆசைப்பட்டுப் படித்தவர்களே நன்றாகத் தேறினார்களாம். பிற்பாடு பிலிப்பைன்ஸில் பார்த்தபோது, பயனுக்காகப் படித்தவர்களும் தேறியிருக்கிறார்கள். ஆக, அலவன்ஸ் மேல் குற்றமில்லை. எனக்கு அதில்கூட நிஜமான ஆசை இல்லை!

போன் அடித்தது. திரையில் ரெட்டைப் பின்னல். குழந்தை கடகடவென்று ஏதோ கேட்டது. பாட்டி தட்டுத்தடுமாறி ஒரு வரி சொன்னார். போனை வைத்த பிறகும் கடலையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி கேட்டா?"

"'எப்ப வருவே பாட்டி'ன்னு கேக்கறா. வாராவாரம் கேக்கறாளாம். என் மகன் இத மட்டும் எங்கிட்ட சொன்னதே இல்ல தம்பி..."

திங்கட்கிழமை மறுபடி கிளாஸுக்குப் போனேன். "திரும்ப ஏன் வந்தீங்க?" என்றார் மாஸ்டர். அலவன்ஸ் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பாண்டியில ஒரு பாட்டிகிட்ட தோத்துட்டேன் ஸார்!" என்றேன்.