சிக்கனக் கருவிகள்

சிக்கனம் நல்ல பண்பு. அதனை விரும்பாதார் இலர். ஆயினும், சிக்கனத்தின் பெயரைச் சொல்லியே நம் கைப்பொருளைக் கவர்ந்து செல்வாரும் உலகில் உளர். ‘இதனைக் காரில் பொருத்துங்கள், பெட்ரோல் செலவு பாதியாகக் குறையும்’ என்று விற்கப்படும் சிறு கருவிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே தோன்றுகின்றது. அவற்றுள் சில, பெட்ரோல் குழாயின்மேல் கட்டும் காந்தங்கள். சில, எஞ்சினுக்குச் செல்லும் காற்றைச் சுழலச் செய்யும் தகடுகள். சில, பெட்ரோலில் கலக்கும் வில்லைகள்.

இவற்றை நான் ஐயுறுவதற்குக் காரணம் எளிய கணக்கே. ‘உங்கள் எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் எரிவதில்லை; எங்கள் கருவி முழுவதும் எரியச் செய்யும்’ என்பர் விற்போர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால், நல்ல நிலையிலுள்ள இக்கால எஞ்சின் சூடேறி ஓடும்போது, நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு பெட்ரோல் எரிந்துவிடுகின்றது. எஞ்சிய 3 பங்கையும் ஒரு கருவி எரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் மிச்சம் நூற்றுக்கு மூன்றுதானே! செலவு பாதியாவது எங்ஙனம்?

பெட்ரோல் வீணாவதே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வீணாகின்றது, எரிந்த பின்னரே வீணாகின்றது. எரிந்து பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெறும் வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகின்றது. வெப்பத்தால் இயங்கும் எந்த எஞ்சினும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது. அதற்கு ஓர் எல்லை உண்டு. இவ்வெல்லையைப் பற்றிய ஆராய்ச்சியைப் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். குழாயின்மேல் கட்டிய காந்தம் அவ்வெல்லையை மாற்ற வல்லதன்று.

கணக்கு இவ்வாறு கூறுகின்றது. சோதனை கூறுவது யாது? 1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் அமெரிக்காவிற்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. சில மாதங்களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதன் பின்னர், பெட்ரோல் சேமிக்கும் என்று சொல்லப்பட்ட கருவிகளை ஆராயும் பொறுப்பை அந்நாட்டுச் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்திற்கு அளித்தது. காரின் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, ஒரே வகையான ஓட்டத்தில், கருவியோடும் கருவியின்றியும் ஓட்டி அளந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் ஆராயப்பட்டன. மிகப் பல கருவிகளால் ஒரு பயனும் விளையவில்லை. ஒரு சிலவே சிறிதளவு மிச்சம் காட்டின. அவற்றுள்ளும் சில, புகையின் நச்சுத் தன்மையை மிகுவித்தன.

எனக்குப் பழக்கமான வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், காந்தம் கட்டியபின் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைப்பதாகக் கூறினார். அவர் பொய் கூறுபவர் அல்லர். “தம்பி, அன்று வேறென்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். “டயர்களுக்குச் சரியாகக் காற்று நிரப்பினேன், ஐயா. மிச்சம் தெரிய வேண்டுமே என்று வேகத்தையும் குறைத்துக்கொண்டேன்” என்றார். “காந்தத்தைக் கழற்றிவிட்டு, ஒரு மாதம் அதேபோல ஓட்டிப் பாருங்கள்” என்றேன். அவ்வாறே செய்தார். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு கிலோமீட்டர் குறையவே இல்லை. பயனைத் தந்தவை காற்றும் நிதானமும். பெயரைத் தட்டிச் சென்றது காந்தம். அதற்கு அவர் கொடுத்திருந்த விலையோ, அவருடைய நான்கு நாள் வருவாய்!

மாணவர்களே! ஐயுறுதல் என்பது புதியன யாவற்றையும் வெறுத்தல் ஆகாது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை மின்னாற்றலாக மாற்றிச் சேமிக்கும் ஹைப்ரிட் கார் 1997-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது பெட்ரோலை மெய்யாகவே மிச்சப்படுத்துகின்றது. அம்மிச்சம் எங்கிருந்து வருகின்றது என்பதை நாமே விளங்கிக்கொள்ளவும், அளந்து காணவும் இயலும். ஆகவே, வியத்தகு பயனைக் கூறி எவரேனும் ஒரு பொருளை விற்க வருவாராயின், மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள்: இம்மிச்சம் எங்கிருந்து வருகின்றது? இதனை அளந்தவர் யார்? இக்கருவி இல்லாமலும் அளந்து பார்த்தாரா? இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. உழைத்து ஈட்டிய பொருளைக் காப்பதற்கு இவற்றினும் சிறந்த சிக்கனக் கருவியை நான் அறியேன்.