தேனுண்ணும் செம்புள்

மலேரியாச் சுரத்தால் யாம் படுக்கையுற்றிருந்த நாட்களில், ஹவாய்த் தீவுகளின் மலைக்காட்டுப் பறவையாகிய இஈவியைப் பற்றிப் படித்தோம். செந்நிற உடலும், குழல்போன்ற மலருள் நுழைதற்கேற்ப வளைந்த அலகும் உடையது. ஓகியா மரத்தின் பூத்தேனை உண்டு பாடித் திரிவது. 1826 ஆம் ஆண்டளவில் கப்பலேறி அத்தீவுகளை அடைந்த கொசுவே அதற்குக் கூற்றாயிற்று. பறவைகட்குரிய மலேரியாவைத் தாங்கிய கொசு ஒருமுறை கடிப்பினும் அப்புள் பெரும்பாலும் மடியும். கொசுவிற்குக் குளிர் ஆகாமையின், உயர்மலையே இப்பறவையின் புகலிடம். உலகம் வெம்மையுறுந்தோறும் கொசு மேலேறுகின்றது. சிகரத்திற்கு மேல் பறவைக்கு இடமேது?

எமக்கு மருத்துவர் இருந்தார்; எழுந்தோம். அதற்கோ, கொசுவைக் கொணர்ந்த மனிதரே மருந்தாதல் வேண்டும். 2023 முதல் மவுயித் தீவில் கொசுவின் பெருக்கத்தைத் தடுக்க அவர் முயல்வது அறிந்து உவந்தோம்.